பினாயில் சித்தியும் நாறாத தொட்டியும்

எங்கள் சித்திக்குத் தெரு வைத்த பெயர் பினாயில். வாசல், படி, வாளியின் அடிப்பாகம் எதையும் விட மாட்டார். சுவரில் சாய்ந்து நின்றால் என்னையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த பிழைப்பு கோழிப்பண்ணை. கடவுளுக்கும் குறும்பு உண்டு.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் கூண்டு கூண்டாக முட்டைக்கோழிகள். சித்தப்பா போன பிறகு சித்திக்கும் அவர் மகளுக்கும் சோறு போட்டது அந்தக் கோழிகள்தான். ஆனால் கூண்டுக்கு அடியில் குவியும் எச்சம் நாறியது, ஈ மொய்த்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தையற்காரர் தெருவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு வாய் சாப்பிட முடியலம்மா. மழை தொடங்கறதுக்குள்ள நாத்தம் போகணும். இல்லேன்னா கோழி போகணும்."

"போயிடும்ணே," என்றார் சித்தி. எது என்று சொல்லவில்லை.

மறுவாரமே குழி தோண்டி, சிமென்ட் பூசி, மேலே இரும்பு மூடியைக் கவிழ்த்து எரிவாயுத் தொட்டி கட்டினார். முதலில் மாட்டுச்சாணம், பிறகு கோழி எச்சம், இரண்டையும் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு கிளம்பும், மூடி உயரும், குழாய் வழியே அடுப்புக்கு வரும்.

மூடி அசையவே இல்லை.

"சித்தி, தொட்டி அடைகாக்குது போல. குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க," என்றேன். துடைப்பம் பறந்து வந்தது.

வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு நாள், எச்சம் ஊற்றும் வாயருகே குனிந்த சித்தி அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், இங்க வந்து மோந்து பாரு."

"நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன் சித்தி?"

"மோந்து பாருடா!"

குனிந்தேன். "ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு."

சித்தியின் முகம் தொங்கிப்போனது. "நாறவே இல்லடா..."

வாழ்க்கையில் முதல்முறையாக நாற்றம் வரவில்லையே என்று அழுதார். அவர் தினமும் பினாயில் ஊற்றிக் கொட்டகையைக் கழுவிய தண்ணீர், வாய்க்கால் வழியே நேராகத் தொட்டிக்குள்தான் போயிருந்தது. எச்சத்தைப் புளிக்கவைக்க வேண்டிய கிருமிகளை மணக்க மணக்கக் கொன்றிருந்தார்.

தொட்டியைக் காலி செய்து, புதுச் சாணம் கரைத்து ஊற்றினோம். பினாயிலை அலமாரியில் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்தார். "நான் கெஞ்சினாலும் குடுக்காதடி." மறுநாளே கெஞ்சினார். அவள் கொடுக்கவில்லை. வெறும் தண்ணீரில் கழுவும்போதெல்லாம் சித்தியின் கை பரபரத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மூடி எழுந்தது. முதல் பரிசு வாங்கியவன் நெஞ்சைப் போல நிமிர்ந்து நின்றது. அடுப்பில் நீலமாகத் தீ பிடித்ததும் சித்தி கைதட்டினார். அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்.

முதல் தூறலோடு தையற்காரர் வந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்க. கொட்டகையைச் சுற்றி முகர்ந்தார். எச்சமெல்லாம் தொட்டிக்குள் போயிருந்தது. அவருக்கு ஈ கூடக் கிடைக்கவில்லை. சித்தி டீ நீட்டினார்.

"இது கோழி எச்சத்துல போட்டதா?"

"டீத்தூள்ல போட்டதுண்ணே. எச்சம் அடுப்புலதான் எரியுது."

ஒரு மிடறு விழுங்கி யோசித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினார். "கோழி இருக்கட்டும்மா," என்றார். "என் வீடு வரைக்கும் குழாய் எட்டுமா?"

அவர் போனதும் சித்தி கொட்டகைக்குள் போய்க் கூண்டு கூண்டாக நின்று, "நீங்க இருக்கலாம்டி," என்று ஒவ்வொன்றிடமும் சொன்னார். கிண்டலடிக்கத்தான் நானும் பின்னால் போனேன். ஆனால் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் கூடவே நடந்தேன்.