ஓடைக்கரையில் ஐந்து மணி நேரம்: ஒரு கசாக் தளபதிக்காக மைசூர் போன கதை

சென்ற ஆகஸ்டில், இரண்டாவது வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மேட்டூரிலிருந்து மைசூருக்குக் கிளம்பினேன். அரண்மனை பார்க்க இல்லை. வரலாற்று ஆசிரியையான நான் ஒன்பது வருடமாக எழுதிய புத்தகம் அன்றுதான் ஈரோட்டில் அச்சேறுவதாக இருந்தது. முதல் உலகப்போரில் ரஷ்யப் பேரரசரின் படையில் இருந்த ஒரு கசாக் (Cossack) குதிரைப்படை டிவிஷனின் வரலாறு அது. மேட்டூர்க்காரிக்கு எதற்கடி கசாக் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகம் பூராவும் குதிரையாக எழுதிய நான் ஒரு குதிரையைக்கூட கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை.

குதிரை பற்றி எனக்கு வந்த சந்தேகங்களையெல்லாம் போனிலேயே தீர்த்துவைத்தவர் மாதேஷண்ணா. ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். குதிரைப் போலீசில் முப்பது வருடம் சவாரி செய்து ஓய்வுபெற்று, இப்போது மைசூர் விஜயநகரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரை நேரில் பார்த்து நன்றி சொல்லவேண்டும், அப்படியே ஒரு குதிரையையும் தொட்டுப் பார்க்கவேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

காலை 6.10க்கு மேட்டூரில் பஸ். பாலாறு செக்போஸ்டில் 7.20க்கு நிறுத்தி, பையில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாதேஸ்வரன் மலைக்கு 8.15. டிக்கெட் 70 ரூபாய். மலையில் இரண்டு இட்லி, ஒரு காபி 55 ரூபாய். காபி பரவாயில்லை, இட்லியைப் பற்றிப் பேசாமலிருப்பது மரியாதை. 8.45க்கு மைசூர் பஸ். கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசம்தானே என்று ஜம்பமாக ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் புரட்டிப் பார்த்து, “மேட்டூர் அட்ரஸ் மேடம், இது ஆகல்ல” என்று சிரித்தபடி 195 ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார். உள்ளூர் ஆதார் இருந்தால்தான் இலவசம், தெரிந்துகொள்ளுங்கள். ஹனூர், கொள்ளேகால் வழியாக சுமார் 140 கிலோமீட்டர். மைசூரில் இறங்கும்போது மணி 12.50.

விஜயநகருக்கு ஆட்டோ 120 ரூபாய். “சீக்கிரம் போய்டலாம் மேடம்” என்று மண்டி மொஹல்லா சந்துக்குள் விட்டார் டிரைவர். அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால் பதினெட்டு நிமிடம் நின்றோம். நல்ல குறுக்குவழி!

“ஊட்டா ஆயித்தா டீச்சர்?” என்று வாசலிலேயே கேட்டார் மாதேஷண்ணா. சாப்பாடு இன்னும் ஆகவில்லை என்றதும் ராகிக் களியும் சாறும் வந்தன. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் அச்சுக்குப் போன பக்கங்களின் நகலை எடுத்து நானே வாசித்துக் காட்டினேன். கசாக்குகள் குதிரை, சேணம், வாள் எல்லாவற்றையும் சொந்தமாகவே கொண்டுவந்துதான் படையில் சேரவேண்டும் என்ற இடத்தில், “சொந்தக் குதிரைங்களா!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரிக்குத் தாவினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் காலாட்படை உதவிக்குக் காத்திருக்கிறது. இந்த டிவிஷனோ வழியில் ஓர் ஓடைக்கரையில் ஐந்து மணி நேரம் நிற்கிறது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தளபதியை நான் ‘ஓடைக்குள் ஒளிந்த கோழை’ என்று எழுதியிருந்தேன். இறுக்கமான வரி என்று நண்பர்கள்கூடப் பாராட்டியிருந்தார்கள்.

மாதேஷண்ணா பாராட்டவில்லை. “எத்தனை குதிரைங்க?”

“நாலு ரெஜிமென்ட்டு, பீரங்கி வண்டிக் குதிரையும் சேர்த்து மூவாயிரத்து ஐநூறு இருக்கும்.”

“ஓடையில எறங்கறதுக்கு எடம்?”

ஒரே நேரத்தில் அறுபது குதிரை நிற்கலாம் என்று படையின் நாட்குறிப்பில் இருந்தது. அதைச் சொன்னேன்.

“அய்யய்யோ, அந்தாள் என்னங்க தப்பு செஞ்சான்? குதிரை என்ன பைக்குங்களா, பெட்ரோல் அடிச்சதும் கெளம்பறதுக்கு? தண்ணி காட்டாம ஓட்டுனா வகுத்துநோவு வந்து பொத்துனு உழுந்துருமுங்க.”

எனக்கு ரோஷம். “அதுக்காக அஞ்சு மணி நேரமாண்ணா?” என்றேன். அவர் ஸ்கூட்டரை எடுத்து, அரண்மனைப் பக்கத்து டாங்கா எனும் குதிரைவண்டி ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். வண்டிக்காரரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவர் ஒரு பழுப்புக் குதிரையைத் தொட்டிக்கு நடத்தினார். “ஸ்வல்ப வாச்சைப் பாருங்க டீச்சர்” என்றார் மாதேஷண்ணா.

பார்த்தேன். அது குடித்தது, தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தது, மறுபடி குடித்தது. இழுத்தால் நகரவில்லை. வந்து குடித்து விலக ஐந்து நிமிடம். போன் கால்குலேட்டரில் போட்டேன். அறுபது அறுபதாக ஏறக்குறைய ஐம்பத்தெட்டுத் தடவை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். இருநூற்றுத் தொண்ணூறு நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு.

சேணம் கட்டுவது எப்படி, லாடம் எத்தனை நாள் வரும் என்றெல்லாம் இவரைக் கேட்டுத் துளைத்த நான், இதை மட்டும் ‘இது வரலாறு, குதிரை விஷயம் இல்லை’ என்று கேட்காமலே விட்டிருக்கிறேன். பதில் சொல்ல வரமுடியாத ஒரு மனிதரைக் கோழை என்று ஆயிரம் பிரதியில் அச்சடித்துக்கொண்டிருக்கிறேன். படுபாவி!

ஈரோட்டு அச்சகத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். ஆறாவது தடவை, 3.40க்கு, போர்மேன் முருகேசன் எடுத்தார். பின்னால் மிஷின் சத்தம்.

“எத்தனாவது பாரம் ஓடுது முருகேசன்?”

“அஞ்சு முடியற நேரமுங்க டீச்சர். ஏனுங்க?”

பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாவது ஒரு பாரம்; கோழை என்று எழுதிய பக்கம் ஏழாவதில், இன்னும் ஓடவில்லை. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். டாங்காக்காரர் பயந்துபோய் டீ வாங்கிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் முருகேசன் மட்டும் நிதானமாக இருந்தார்: “எடுக்கறது நாலு வரின்னா குடுக்கறதும் நாலு வரியா இருக்கோணும் டீச்சர். இல்லீன்னா பக்கம் நவுந்துரும். அரை மணி நேரத்துல அனுப்புங்க.” இருபது நிமிடத்தில் அனுப்பினேன். பிறகுதான் அந்தப் பழுப்புக் குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். சூடாக இருந்தது, நினைத்ததைவிடப் பெரிது. மாதேஷண்ணா, “இனி ராத்திரி நல்லாத் தூங்குவீங்க” என்றார். பஸ் ஸ்டாண்ட் அருகே 900 ரூபாய் அறையில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினேன். சனிக்கிழமை காலை அதே வழியில் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பாலாறு வழியில் பகலில் போங்கள், மைசூரில் ஓர் இரவு தங்குவதே புத்திசாலித்தனம். மலையில் காலைச் சாப்பாட்டை நம்பாமல் கையில் கட்டிக்கொண்டு போங்கள். டாங்காவில் ஏறினால், குதிரை தண்ணீர் குடிக்கும்போது வண்டிக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: சந்தேகம் வந்த இடத்தை எப்படியும் நாம் கேட்டுவிடுவோம். சந்தேகமே வராமல் ரசித்து எழுதின இடத்தைத்தான் யாரிடமாவது வாசித்துக் காட்டவேண்டும்.

புத்தகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இப்போது இருக்கும் நான்கு வரி இதுதான்:

‘அன்று டிவிஷன் ஓடைக்கரையில் ஐந்து மணி நேரம் நின்றது. அறுபது அறுபதாகக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்ட அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் காலாட்படை அழிந்துவிட்டது. தளபதி பயந்தார் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை.’