கடிதம் சேருகிற முகவரி

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. வெந்நீர் ஆவி ஜன்னல் வழியாக உள்ளே வந்து காகிதங்களை எல்லாம் நமத்துப்போகச் செய்யும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆவிக்குள் உட்கார்ந்து ஒரு பெண், புற்றுநோய் வந்தவர்களின் பெயர், வயது, நோய் கண்ட உறுப்பு, முகவரி என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் அட்ரஸ் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

காலையில் பேரேட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு, "சாப்பிட்டீங்களா, தூக்கம் வந்துச்சா" என்று ஆரம்பிப்பாள். பேச்சு மழையில் வந்து, பேரப்பிள்ளையில் நின்று, கடைசியில்தான் முகவரிக்கு வரும். கேட்கிற விதம் ஒன்று அவளுக்கென்று உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்கமாட்டாள். "லெட்டர் எங்க போட்டா உங்க கைக்கு வந்து சேரும்?" என்பாள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி அனுப்பிய கடிதங்களில் பாதி திரும்பி வந்தன. கிழக்கே மேட்டுப் பக்கம் போனவை மொத்தமாகவே திரும்பின. அங்கே வீடுகளுக்கு எண் கிடையாது. கல் அறுக்கும் பட்டறைகளும் நடுநடுவே குடியிருப்புகளும்தான். தபால்காரர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிது. அப்படித் திரும்பி வந்த ஒரு கடிதத்துக்கு உரியவர், முப்பத்தெட்டு வயதுக்காரர், தேதி தெரியாமலே இருந்து நோய் முற்றிப்போய்ச் செத்துவிட்டார். அன்றைக்கு அவள் அந்த ஆவிக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டாள்.

நோயாளிகளும் யோசித்துச் சொல்வார்கள். நகரத்தில் சித்தி வீடு, முதலாளி வீடு, சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் விடுதி. அதன் பிறகு ஒரு கடிதம்கூடத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் விடுதி நடத்துகிற அம்மாள், கடிதங்களை வாங்கி வைத்து, அந்தப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். பெரிய டாக்டரம்மா கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இவளைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார். கூட வேலை செய்த மூன்று எழுத்தர்களும் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு மாதிரி சுகமான தலையணை உலகத்தில் இல்லை. அவள் அதில் தலை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் தூங்கினாள்.

தூக்கம் என்றால் நிஜத் தூக்கமும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம், பக்கத்துக் கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்க, கண்ணைப் பாதி மூடியபடி அவள் நடக்கப் போவாள். தான் எழுதிய தெருக்களுக்குள்தான். ஆற்றோரம் நாலாவது தெரு, கதவு எண் பதினொன்று. தொழிற்சாலைக் குடியிருப்பு, மூன்றாம் மாடி. நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் கதவுக்கு நிறம் கொடுப்பாள், வாசலில் காயும் துணியைக்கூட அவளே தேர்ந்தெடுப்பாள். தட்டினால் கதவு திறக்கும். அந்த ஊரில் ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. "வாங்கக்கா, எவ்வளவு நாளாச்சு" என்பார்கள். கிழக்கே திரும்பினால் மட்டும் தெருவே இருக்காது. வெளுத்த ஆவி மாதிரி ஒரு வெட்டவெளி. அங்கே நோய் இல்லை, அதுதான் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். தங்கையைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம்தான் என்பதால் அந்த வெறுமை அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அங்கே நோயே இல்லையா என்றால், தங்கைக்கே நாலு வருஷம் முன்பு மார்பில் கட்டி வந்தது. நாற்பத்தைந்து வயது. வரும்போதே முற்றியிருந்தது, ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். எட்டு மாதம் அக்கா வீட்டிலேயே இருந்து பிழைத்துப் போனாள். பேரேட்டில் அவள் பெயருக்கு நேரே அக்கா தன் வீட்டு முகவரியைத்தான் எழுதினாள். கடிதம் அங்கேதானே சேரும்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கூடப் பிறந்தவள் கணக்கில் சேர்த்தியில்லை என்று மனசு தானாகவே ஒதுக்கிவிடுகிறது.

இந்த வருஷம், பேரேட்டை வைத்துப் புதிதாக வரைந்த நோய் வரைபடத்தை, எண்ணிக்கை பார்க்கிற கணக்கு சார் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது மனிதர். எண்ணைப் பார்த்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். மேசையில் விரித்தார்.

"அறுபது வயசுக்குக் கீழ உள்ளவங்க மட்டும்க்கா. வயசானவங்களுக்கு எங்கயும் வரத்தான் செய்யும். உழைக்கிற வயசுல எங்க அதிகம், எங்க கம்மின்னு பார்த்தாதான் ஊரோட சங்கதி தெரியும்."

வெளிர் ரோஜாவிலிருந்து அடர் சிவப்பு வரை ஐந்து நிறம். நகரம் ரத்தச் சிவப்பு. கிழக்கு கிட்டத்தட்ட வெள்ளை. லட்சம் பேருக்கு முப்பத்தொன்று. அவள் மதியத்தில் நடந்து போகிற வெளியை யாரோ அப்படியே தாளில் எடுத்த மாதிரி இருந்தது.

"கிழக்குல காத்து சுத்தம் போலிருக்கு சார்" என்றாள்.

"அப்படித்தான் பெரிய டாக்டரம்மாவும் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்துதான் ரொம்ப மோசம். ஒரே சந்துல நூத்தி நாப்பது பேரு! தண்ணியை எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்கோம். ஊர் ஊராப் போய் நோய் இருக்கான்னு பார்க்குற பரிசோதனை வண்டி அடுத்த அஞ்சு வருஷமும் சிவப்பா இருக்கிற இடத்துக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

அன்று சாயங்காலம் தங்கை போனில் கூப்பிட்டாள். பின்னால் கல் மெருகேற்றும் இயந்திரம் இரைந்தது.

"அக்கா, வண்டி எப்ப இங்க வரும்? எங்க பட்டறையில ரெண்டு பேருக்குக் கட்டி மாதிரி இருக்கு. டவுனுக்குப் போங்கடின்னா போக மாட்டேங்குறாளுங்க. ரெண்டு நாள் வேலை போயிடுமாம். எங்க அக்கா அங்கதான் இருக்கா, வண்டியை அனுப்பி வைப்பான்னு நான் வேற வாயை விட்டுட்டேன்."

"ரெண்டு பேரா?"

"இப்ப ரெண்டு. எனக்கு முன்னாடி மூணு பேரு. அதுல ஒருத்திதான் இருக்கா. உனக்குத் தெரியாதா? அவங்களும் உங்க ஆஸ்பத்திரிதானே!"

பட்டறை என்று ஒரு முகவரிகூட எழுதிய நினைவு அக்காவுக்கு இல்லை. பேச்சை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வரைபடத்தில் தன் தெருவைத் தேடினாள். கருஞ்சிவப்பு. பேரேட்டைப் புரட்டினால் அவள் தெருவில் மட்டும் ஐந்து பேர். முப்பது வருஷமாக அங்கே குடியிருக்கிறாள். அந்தத் தெருக்காரர் ஒருவருக்கும் அந்த நோய் வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. ஒன்று, தங்கை. மற்ற நால்வரும் எதிர்வீட்டிலும் கோடிவீட்டிலும் வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்த சொந்தக்காரர்கள். நால்வரோடும் அவள் முக்காலி போட்டுப் பேசியிருக்கிறாள். கல்லைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், மேட்டுக் காற்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எழுதியது மட்டும் இந்தத் தெருவை.

பின்சந்தின் நூற்று நாற்பது பேரும் விடுதி முகவரி கொடுத்த வெளியூர்க்காரர்கள் என்று அப்போது விளங்கியது. பாவம் அந்தத் தண்ணீர், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. போன தடவை வரைந்த படமும் இதே பேரேட்டிலிருந்துதான். அதை வைத்துத்தான் ஆறு வருஷம் முன்பு வண்டி கிழக்கே போகாமல் நகரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. தங்கைக்குக் கட்டி வளர்ந்ததும் அந்த வருஷங்களில்தான். பேரேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்த எண்ணம் அவளுக்கும் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு குவளைத் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் அது அவளோடு இருந்தது. பிறகு கணக்கு சாரின் அறைக்குப் போனாள்.

அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இருபத்திரண்டு வருஷமாக்கா! கேக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி! எந்த ஊர்ல குடியிருக்கீங்க? அவ்வளவுதானே!"

"ஆமா சார்."

"இப்ப நான் என்ன பண்றது? நிஜ ஊரை எங்க போய் எடுக்கிறது? போனவங்களை எழுப்பியா கேக்க முடியும்?"

அப்படித் திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கத்தி ஓய்ந்த பிறகு, மெதுவாகச் சொன்னாள்.

"பஸ் சீட்டு இருக்கு சார்."

நோயாளிகளுக்கு ஊர் திரும்ப இலவச பஸ் சீட்டு கொடுப்பது வழக்கம். எங்கிருந்து எங்கே என்று எழுதாமல் சீட்டு செல்லாது. அந்தச் சீட்டுகளின் கார்பன் நகலை எல்லாம் தணிக்கைக்குப் பயந்து யாரும் தூக்கிப்போடவில்லை. வெளுப்புக் கூடத்தின் பரணில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியைப் பிடித்தார். அச்சை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். பெரிய டாக்டரம்மா அவளை அழைத்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பழைய பாராட்டுக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, "இதைக் கொடுத்தது நான்தானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு மாதம் அவள் கனவில் நடந்த மாதிரிதான் கழிந்தது. சீட்டுகளில் மை வெளிறி, ஊர்ப் பெயர்கள் நீலப் புகையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வாய்விட்டுப் படிப்பாள், சார் எழுதுவார். பின்சந்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, பஸ் ஏறி, கிழக்கே போய் இறங்குவதை அவள் பார்த்தாள். சிலர் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்கள். தங்கையின் சீட்டு கைக்கு வந்தபோது அவளால் படிக்க முடியவில்லை. சாரே வாங்கிப் படித்து எழுதிக்கொண்டார்.

புதுப் படத்தில் நகரம் நடுத்தரமான ரோஜா நிறத்துக்கு இறங்கிவிட்டது. கிழக்கில் லட்சத்துக்கு நூற்றுப் பதினெட்டு. எல்லா நிறத்திலும் அடர்ந்த நிறம் அங்கேதான். ஏன் என்று சொல்ல இன்னும் வருஷக்கணக்கில் ஆராய வேண்டும் என்றார் சார். ஆனால் வண்டி முதலில் போக வேண்டிய இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தங்கைக்குப் போன் செய்தாள். வண்டி வரும் தேதியை முதலில் சொன்னாள். தங்கை சந்தோஷத்தில் கத்தி யாரையோ கூப்பிட்டாள். "இருடி, இன்னும் முடிக்கல" என்று அக்கா மிச்சத்தையும் சொன்னாள். எதையும் விடவில்லை.

கல் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அந்த வருஷமே வண்டி வந்திருந்தா, என்னோடது முத்தாம இருந்திருக்குமா?"

"தெரியலடி. இருந்திருக்கலாம்."

"செத்துப்போன அந்த ரெண்டு பேரு?"

"இருந்திருக்கலாம்."

தங்கையின் குரல் மாறியது. அதில் கோபம் இருந்தது. "நான் இங்க யாருக்கும் சொல்ல மாட்டேன். வண்டியோட நீயே வா. வந்து நீயே சொல்லு."

போனாள். விடியற்காலைப் பனியில் வண்டி மேட்டில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே அவள் கனவில் ஒருநாளும் வராத தெருக்கள் ஒவ்வொன்றாக வந்தன. எண் இல்லாத கதவுகள், கல் தூசி படிந்த ஓடுகள், பல் துலக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள். ஒரு கதவுக்கும் அவள் நிறம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டறை வாசலில் அறுபது எழுபது பெண்கள் குளித்துத் தலைவாரி நின்றார்கள். தங்கை ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு. அக்கா வண்டிப் படியில் நின்று சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள், தங்கையின் பெயருக்கு எதிரே எழுதியது உட்பட. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பதில் இருந்தது; இரண்டு நாளாக அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் முதலில் நின்றவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருவமெல்லாம் வெள்ளைத் தூசி. கட்டி இருப்பதாகத் தங்கை சொன்ன இருவரில் ஒருத்தி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ நாங்க இங்க இருக்கோம்னே இப்பதான் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

சொல்லிப் பார்த்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

"ஆமாம்மா" என்றாள் அக்கா. "இப்பதான்."

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வண்டிக்குள் ஏறினாள்.