ரங்கசாமியோடு இருந்தவர்

நோயாளியின் வயிற்றைத் திறந்திருந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. “சாந்தாமணி டாக்டரம்மா தவறிட்டாங்களாமுங்க” என்றார் நர்ஸ். பாதியில் விட்டு வெளியே போக முடியாது. கண்ணைத் துடைக்கவும் முடியாது. இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. தையல் போட்டு முடிக்கும்வரை அந்தச் செய்தியோடு அங்கேயே நின்றேன்.

எங்கள் கோவை மருத்துவமனையில் அவர் மயக்க மருத்துவர், நான் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவரோடு வேலை செய்தவர்கள் மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரி ரங்கசாமியை மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கரை நோயில் அவர் கால் அழுகி, விஷம் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது. அன்றே முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும்.

“நேத்துலருந்து ஒண்ணுமே குடுக்கலீங்க” என்றார் ரங்கசாமியின் மனைவி. உண்மைதான். ஆனாலும் சாந்தாமணி வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்.

“சோறு அப்படியே கெடக்குதுங்க. சர்க்கரை இரைப்பையையும் முடக்கிப்போட்டுது.”

மயங்கவைத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஸ்கேனை நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார். இதயம் தளர்ந்து துடித்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் முதுகில் ஊசி போடவும் முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்துக் கிடந்தது.

“என்னைய மயக்கிப்போடாதீங்க அம்மணி. எந்திரிக்கவே மாட்டேன்” என்று ரங்கசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மயக்கலீங்க. காலை மட்டும் மரத்துப்போக வெச்சுப் பார்க்கலாம்.”

ஸ்கேன் திரையில் காலுக்குப் போகும் நரம்பு தெரிந்தது. ஊசிமுனை அதன் அருகே போனதைக் கண்ணால் பார்க்கும்வரை அவர் மருந்தைச் செலுத்தவில்லை. “ஆரம்பிக்கலாமா?” என்றேன். “அவரு சொல்லட்டுங்க” என்றார். சாந்தாமணி காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலீங்க” என்று ரங்கசாமி சொன்ன பிறகே என்னை நெருங்கவிட்டார்.

வலி இல்லை. ஆனால் எலும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. தடுப்புத் துணிக்கு அப்பால் ரங்கசாமி எழப் பார்த்தார். “உடுங்க, நான் ஊட்டுக்குப் போறேன்!”

சாந்தாமணி குனிந்து, ஒரு கையால் அவர் காதைப் பொத்தி, மறு காதருகே பேசினார். “உங்களால இப்பப் போக முடியாதுங்க. அதனால நானும் போகல.” முடியும்வரை அவர் நிமிரவேயில்லை.

ரங்கசாமி பிழைத்தார். செயற்கைக் காலோடு மண்டிக்குப் போய்வருகிறார்.

படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதைச் சாந்தாமணி ஒருநாளும் மறந்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். இப்போதெல்லாம் மயக்கமருந்து கொடுக்குமுன் நோயாளியின் தலைமாட்டுக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவர் பதில் சொல்லும்வரை அறுவைக்காகக் கை கழுவப் போவதில்லை.