கோழிகளுக்குப் போட்ட சாம்பல்

சென்னைக்காரன் மார்கழியில் ஸ்வெட்டர் போட்டால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு. எண்ணூரில் முகத்துவாரக் காற்று அடிக்கிற விடிகாலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றால் சிரிக்க மாட்டார்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது அந்தக் காற்றில் எங்கள் கோழிக்குஞ்சுகள் அத்தனையும் விறைத்துச் செத்தன. அடுத்த வருஷம் அம்மா முன்கூட்டியே கூண்டைச் சுற்றிப் பழைய பேனர் ஒன்றைக் கட்டிவிட்டாள். அதில் ஒரு கட்சிப் பிரமுகர் தலைகீழாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் பிறந்த வீட்டில் குளிர்காலத்தில் கூண்டுக்குள் அடுப்புச் சாம்பலைப் பரப்புவார்களாம். ஈரம் ஏறாது, கோழிக்கு வயிறு கதகதப்பாக இருக்கும். எங்களுக்கோ கேஸ் அடுப்பு. ஆனால் அப்பா அனல் மின் நிலையத்தில் சாம்பல் வாருகிற கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். சாயங்காலம் புருவம்கூட வெளுத்துத்தான் வீடு திரும்புவார்.

"ஊரு முச்சூடும் சாம்பலா கீது. வூட்டுக்கு ஒரு கோணி எட்த்தாந்தா இன்னாய்யா?" என்றாள் அம்மா.

கொண்டுவந்தார். மாவு மாதிரி மிருதுவான சாம்பல். கோழிகள் அதில் புரண்டு புரண்டு குளித்தன. பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நாளில் கோழிகள் தும்மின. அப்புறம் வாயைத் திறந்துகொண்டு மூச்சுக்கு இழுத்தன. உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். குளிர்தான் காரணம் என்று அம்மா பேனரின் இடுக்குகளையும் துணி வைத்து அடைத்தாள். மிளகும் பூண்டும் தட்டிக் கஷாயம் வைத்து ஒவ்வொரு கோழிக்கும் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். மிச்சம் அப்பாவுக்கு. அவருக்கும் வெகுநாளாக இருமல், படுத்தால் மார்பில் அதே விசில். கோழிக்கும் அப்பாவுக்கும் ஒரே டாக்டர் என்று நான் கிண்டல் செய்தேன். அம்மாவும் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கறுப்புக்கோழி செத்துக் கிடந்தது. நான் ஓவென்று அழுதேன். அப்பா இன்னொரு கோழியைத் தூக்கி அதன் முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு கோழியைக் கீழே விட்டுவிட்டு, பேனரைப் பிய்த்தெறிந்து, சாம்பலை இரண்டு கையாலும் வாரி வெளியே கொட்டினார். இருமல் வந்தும் நிறுத்தவில்லை.

"குளிர்ல எல்லாம் செத்துப்பூடும்யா," என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"குளிரு ஒண்ணியும் பண்ல. சாம்பலுதான்," என்றார் அப்பா.

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். கையை விட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூண்டில் ஆற்று மணலைப் போட்டோம். காற்று வர ஒரு பக்கம் திறந்துவிட்டோம். மற்ற கோழிகள் மெல்லத் தேறி, மறுபடி முட்டையும் வைத்தன. எனக்குச் சந்தோஷம். அப்பா வழக்கம்போலச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் தெரு திரும்பியதும் அம்மா தினமும் அழுதாள். கோழிகள்தான் பிழைத்துவிட்டனவே, இவள் எதற்கு இன்னும் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.