மழைக்கு ஒதுங்கியவர்கள் பாடிய பாட்டு

அறுபதுகளின் தொடக்கம். ஆறாம் வகுப்போடு நின்ற நான், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையருகே ஒரு தமிழ்ப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். "ஆண்டுவிழாவில் சேர்ந்திசை சரியாக அமையாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன்" என்று தலைமையாசிரியர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவன்று பாட்டின் நடுவில் மழை கொட்டியது. தகரக் கூரைச் சத்தத்தில் ஆர்மோனியம் கேட்காமல் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

சன்னலுக்கு வெளியே மழைக்கு ஒதுங்கியிருந்த, பள்ளி வாசலில் தினமும் பூ விற்கும் அக்கா அடுத்த அடியை உரக்கப் பாடினார். பால்காரரும் சேர்ந்துகொண்டார். பிள்ளைகள் சிரித்தபடி தொடர்ந்தார்கள். தலைமையாசிரியரே தாளம் போட்டார்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன் பிறகு.

"நல்லாக் கேட்டீங்க வாத்தியாரே! மாசக்கணக்கா இதையே பாடவிட்டு எங்க உயிர எடுத்தீங்களே லா!"

கேட்பவர்கள் எல்லாரும் குறை காணவே காது கொடுக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.