பாத்துக்கறனுங்க என்றொரு வாக்குமூலம்

பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், கிளைம் பிரிவில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். கஷ்டம் வந்த பிறகுதான் ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள். கணிசமான பேர் வந்ததைவிடக் கூடுதல் கஷ்டத்தோடு திரும்பிப் போனார்கள். ஓய்வு பெற்றதும் திருச்செங்கோட்டில் வீடு கட்டி, கீழ்த்தளத்தை ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். கரையான், கரப்பான், எலி ஆகியவற்றை ஒழிக்கும் தொழில் அவருக்கு. அதற்கு முன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தவர். பல மாநிலங்களில் ஆயிரம் அடி துளைத்துவிட்டு, இப்போது வீட்டுச் சுவரோரம் ஒரு அடி துளைத்து மருந்து ஊற்றுகிறார். அவரிடம் வேலை பார்த்த ஆறு பேரும் அதே ரிக் வண்டியிலிருந்து இறங்கியவர்கள்தான்.

வேலையில் பிறருக்கு நஷ்டம் நேர்ந்தால் ஈடு கொடுக்கும் அவருடைய பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசியைத் தற்செயலாக ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் ஏஜென்ட் 'துப்புரவுப் பணி' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு, வாளி தடுக்கி யாராவது விழுந்தால் ஏதாவது கிடைத்திருக்கும். புதுப்பிக்கும்போது நானே படிவத்தை எழுதினேன். துளையிடுதல், பூச்சிக்கொல்லி ஊற்றுதல், கட்டடத்துக்குள்ளும் வெளியிலும், எதிர்பாராமல் நேரும் இரசாயனக் கசிவு உட்பட என்று ஒன்றுவிடாமல் குறித்தேன்.

"தொளைக்கறதயெல்லாம் எதுக்குங்க சார் எழுதோணும்? கம்பெனிக்காரங்க பயந்துக்குவாங்கல்ல?" என்றார்.

பயந்துகொள்வதற்காகத்தான் அவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது. முகம் சுண்டினாலும் கட்டிவிட்டார்.

பிறகு எனக்கும் பொழுது போனது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் தயாரித்தேன். எந்த மருந்து, எந்த அளவு, குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் எவ்வளவு நேரம் அப்புறப்படுத்த வேண்டும், தரைக்கடியில் குழாய், ஒயர் எங்கே போகிறது, எல்லாம் அதில் இருக்கும். அடியில் வாடிக்கையாளர் கையெழுத்து. 'மருந்து' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'விஷம்' என்று மாற்றச் சொன்னேன். அதில் மட்டும் அவர் இணங்கவில்லை. விஷம் அடிக்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் எந்த வீட்டிலும் கதவைத் திறக்க மாட்டார்களாம்.

சங்ககிரிக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டில்தான் அது நடந்தது. பெரிய பழைய வீடு, நிலைப்படியெல்லாம் கரையான். முதல் நாள் வடபக்கம் மட்டும் வேலை. தாளில் குழாய் பற்றிய இடத்தில் ஆட்களே 'இல்லை' என்று நிரப்பி, வீட்டுக்காரப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவரிடம் கேட்காமலேயே நிரப்பியதைப் பின்னால்தான் ஒப்புக்கொண்டார்கள். தரைக்கடியில் மேல்தொட்டியிலிருந்து ஆட்டுத் தொட்டிக்கு ஒரு குழாய் போயிற்று. அன்று மேலே அதன் வால்வு மூடியிருந்ததால் குழாய் காலியாக இருந்தது. துளைக்கும் கம்பி குழாயின் மேல்புறத்தைத் துளைத்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே வரவில்லை.

ரிக்கில் பழகிய கைகளுக்குத் தண்ணீர் வராத துளை வெறும் மண். ஊற்ற ஊற்ற மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடியில் பெரிய புற்று சிக்கிவிட்டது என்று முடிவு செய்து, "இந்தக் குழி நல்லாக் குடிக்குதுடா" என்று சொல்லி இன்னும் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறார்கள். மருந்து குழாய் வழியே ஆட்டுத் தொட்டியில் போய் இறங்கியது. குடித்தவை தொட்டியோரம் நின்ற மேச்சேரி ஆடுகள். மறுநாள் காலைக்குள் ஏழு செத்துப்போயின.

காலையில் அவர் போன் செய்து தகவல் சொன்னதும் நான் சொன்னது மூன்று விஷயம். கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும் வரை எந்த ஆட்டையும் புதைக்கக் கூடாது. துளையையும் குழாயையும் படம் எடுக்க வேண்டும். யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மூன்றாவது தாமதமாகிவிட்டது.

அவர் ஏற்கெனவே தோட்டத்துக்குப் போய் நின்றிருந்தார். பத்துப் பேர் முன்னால் பெரியவரைக் கும்பிட்டு, "தப்பு எங்க மேலதானுங்க, நான் பாத்துக்கறனுங்க" என்று சொல்லியும் முடித்திருந்தார்.

பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று, நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ வாக்குறுதி தரவோ கூடாது என்பது. அந்த நிபந்தனையைக் காட்டி நானே கோப்புகளை மூடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், கெட்டது நடந்த வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு நிற்பார் என்று நிபந்தனை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து நினைத்தாரோ தெரியவில்லை. கிளைம் தள்ளுபடியானால் ஆட்டுக்கு ஈடு கொடுக்க வண்டியை விற்க வேண்டும். பாலிசியும் நின்றுபோனால், வேலை கொடுக்கும்போதே அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் கல்லூரி விடுதிகளும் அவரை நிறுத்திவிடும். ஆறு குடும்பங்கள் மறுபடி ரிக் ஏற வேண்டியதுதான்.

நிறுவனத்துக்காக நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் சென்னையிலிருந்து வந்தார். கெட்டிக்காரர். குழாயைப் பார்த்தார், மருத்துவர் அறிக்கையைப் படித்தார், நேரே பெரியவரிடம் போய் எங்கள் ஆள் என்ன சொன்னார் என்று கேட்டார். பெரியவர் ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

"பார்த்துக்கறேன்னா, நஷ்டஈடு தர்றேன்னுதானே அர்த்தம்?"

"அதென்னமோ தெரியாதுங்க. பாத்துக்கறன்னாரு. ஓடி ஒளியாம வந்து நின்னாரல்லங்க."

அதையும் எழுதிக்கொண்டார். எழுத்துபூர்வமான விளக்கம் கேட்டு நிறுவனத்திடமிருந்து கடிதமும் வந்தது. நான் ஒரு மாலையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். இந்தப் பகுதியில் 'பாத்துக்கலாமுங்க' என்பது வெறும் மரியாதைச் சொல், பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்பவரும் இதையே சொல்வார், சில்லறை இல்லாத கண்டக்டரும் இதையே சொல்வார், இதில் வாக்குறுதி ஏதும் இல்லை என்று இரண்டு பக்கம். எழுதியவரைக்கும் நன்றாகவே இருந்தது. எங்கள் ஆள் படித்துவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நான் 'பாத்துக்கறனுங்க'ன்னுதான் சொன்னனுங்க. சும்மா சொல்லலீங்க சார், நெசமாத்தான் சொன்னேன். இதுல கையெழுத்துப் போட்டா அவரு மொகத்துல எப்படீங்க முழிக்கறது?"

அவரை முட்டாள் என்று திட்டினேன். மாடியேறி வந்து நிபந்தனையை மறுபடி படித்தேன். ஒரு கோப்பைத் தள்ளுபடி செய்யப் படிப்பதும் காப்பாற்றப் படிப்பதும் வேறு வேறு படிப்பு. இரண்டாவதை எனக்கு அலுவலகத்தில் யாரும் பழக்கவில்லை. புதிதாக எழுதியது அரைப் பக்கம்தான். எங்கள் ஆள் சொன்னது உண்மை, மனதாரச் சொன்னார். ஆனால் குழாயில் எங்கள் கம்பியளவுக்கு ஒரு துளை இருக்கிறது, ஆட்டின் இரைப்பையில் எங்கள் மருந்து இருக்கிறது. அவர் ஊமையாக இருந்திருந்தாலும் இவை இரண்டும் இதையேதான் சொல்லியிருக்கும். அவர் பேசியதால் நிறுவனத்துக்குப் புதிதாக என்ன கெடுதல் வந்தது என்று காட்டவும். தாளில் குழாய் இல்லை என்று கேட்காமல் நிரப்பியது எங்கள் தவறு என்பதையும் சேர்த்தேன். சர்வேயர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். நாமே சொன்னால் நல்லது. இதில் எங்கள் ஆள் உடனே கையெழுத்துப் போட்டார்.

கிளைம் ஏற்கப்பட்டது. நஷ்டத்தில் பாலிசிப்படி அவர் தாமே ஏற்க வேண்டிய முதல் பகுதியை மட்டும் அவர் கொடுத்தார், மீதியை நிறுவனம் கொடுத்தது. கடிதத்தின் கடைசியில், இனிமேல் இவ்வாறு பேசுவதைத் தவிர்க்கும்படி ஒரு வரி அறிவுரை இருந்தது. அதே வரியை ஒரு காலத்தில் நான் பலருக்கு எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அதில் ஒரு சொல் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும்.

பத்து நாள் கழித்துப் பெரியவரே போன் செய்தார். தென்பக்கத்துக்குக் கரையான் மருந்து அடிக்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஆள் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். முதலில் தரைக்கடியில் இருக்கும் குழாய்களை வரைந்து கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும் என்றேன்.

"எனக்கு வரையத் தெரியாதுங்க. நீங்களும் வாங்க, நடந்து காட்டறேன்" என்றார்.

போனோம். கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தார். அவர் தட்டிய இடத்திலெல்லாம் ரிக் ஆட்கள் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். நான் ஒவ்வொரு கோட்டையும் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.