மை என்று நினைத்துத் துடைத்த நீலம்

இருக்கன்குடி ஆத்தாளை நம்புகிற எல்லோருக்கும் சொல்கிறேன். எனக்கு நயமாக எழுத வராது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் கூடப்பிறந்த அண்ணனே என் தாலியைக் கொடுத்துத் தன் வேலையைக் காப்பாற்றப் பார்த்தான். ஆத்தாதான் அதைத் தடுத்தாள்.

2005ஆம் வருடம், காலண்டர் சீசன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் என் வீட்டுக்காரர் மிஷின் ஓட்டினார். என் அண்ணன் குருசாமி அங்கே மேனேஜர். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் அவன். இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன். அதனால் அவன் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது.

மிஷினில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவார்கள். வேலை முடிந்ததும் முழங்கை வரை அதிலேயே கழுவிவிட்டு, பிறகுதான் சோப்புப் போடுவார்கள். அந்தச் சீசனில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அண்ணன் எங்கிருந்தோ ஒரு டிரம் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினான். ஷூ பாலிஷ் மாதிரி வாடை. அன்று காலையில் அதை முதலில் எடுத்து, நீல மை ஓடிய மிஷின் முழுவதையும் கழுவியவர் என் வீட்டுக்காரர். பனியனும் கைலியும் நனைந்துபோயின. நனைந்த துணியோடேயே மத்தியானம் சாப்பிட வந்தார்.

தலை பிளக்கிறது என்றார். பார்த்தால் உதடு நீலம், நகம் நீலம். நான் சிரித்தேன்.

“என்னங்க, காலண்டருக்கு வச்ச மைய நீங்களே குடிச்சிட்டீகளா?”

அச்சகத்தில் எச்சில் தொட்டுத்தான் தாளைப் பிரிப்பார்கள். உதட்டில் மை ஒட்டியிருப்பது எங்களுக்கு அதிசயமே இல்லை. இடுப்பில் செருகியிருந்த, மிஷின் துடைக்கும் கழிவுத்துணியை அவர் நீட்டினார். அதே சரக்கில் நனைந்த துணி. நான் அவர் நகத்தைத் துடைத்தேன். போகவில்லை.

“நல்லா அழுத்தித் துடை புள்ள. புது மை, லேசில போகாது.”

துடைத்தேன். நீலம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. “காத்தே பத்தலை பேச்சி” என்றார். துருத்தி மாதிரி நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் பத்தவில்லை என்கிறார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனும் மதினியும் வந்தார்கள். வந்ததும் அண்ணன் டாக்டரிடம் போனான்.

“புருசன் பொஞ்சாதிக்குள்ள சண்டை சார். பூச்சிமருந்தக் குடிச்சிருக்காரு.”

நான் குறுக்கே போனேன். “அண்ணே, என்னண்ணே சொல்றீக? நாங்க எங்க சண்டை போட்டோம்? அந்த டிரம்முதான் சார், புதுசா வந்த டிரம்மு...”

“நீ சும்மா இரு தாயி. மானம் போனாலும் உசுரு முக்கியம்” என்று அவன் என் தோளைத் தட்டினான். பிறகு டாக்டரிடம், “அது வெறும் மண்ணெண்ணெய் சார். நான் வாங்குன சரக்கு எனக்குத் தெரியாதா?” என்றான்.

டாக்டர் அவனை நம்பினார். அவன் மேனேஜர். நான் தலைவிரி கோலமாக அழுகிறவள். போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வயிற்றைக் கழுவினார்கள். பூச்சிமருந்துக்கு என்ன ஊசியோ அதைப் போட்டார்கள். ஆக்ஸிஜன் போய்க்கொண்டே இருந்தது. அவர் முகம் மட்டும் ஈயம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் புருஷனைக் கொன்றவளாகப் பார்த்தாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடினேன். உருகி வேண்டவில்லை. சண்டை போட்டேன். “ஆத்தா, ஆயிரம் கண்ணு ஒனக்கு. ஒரு கண்ணுமா இதப் பாக்கல? என் அண்ணன் வாயில உண்மை வராது. வேற யார் வாயிலயாவது நீ வந்து பேசு. பேசலேன்னா ஒன் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

கண்ணைத் திறந்தபோது, டியூட்டி மாறி ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் ரத்தத்தை ஊசியில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, காற்றுப் படும்படி விசிறினார். சிவக்கவே இல்லை.

“இது பூச்சிமருந்து இல்லம்மா” என்றார். “நாம இழுக்குற காத்து நுரையீரல்ல இருக்குற குட்டிக் குட்டிப் பைக்குள்ள போகும். அங்கன ரத்தம் வந்து நிக்கும். ரத்தத்துல இருக்குற இரும்புச்சத்து காத்த ஏத்திக்கிட்டு ஒடம்பு பூரா கொண்டுபோய் எறக்கும். திரும்பும்போது கெட்ட காத்த அள்ளிட்டு வரும். லாரி லோடு மாதிரி. இவருக்கு நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, காத்தும் நெறையாப் போகுது. ஆனா ஏதோ ஒரு கெமிக்கல் தோல் வழியா உள்ள போயி லாரியைக் கெடுத்துருச்சு. லோடு ஏறல. அந்த நீலம் மை இல்ல. என்ன கெமிக்கல்? சொன்னாத்தான் நான் துணிஞ்சு மருந்து போட முடியும்.”

அண்ணனைப் பார்த்தார். “மண்ணெண்ணெய் சார்... மேடம்” என்றான் அவன்.

“பொய் சொல்லாதீக!”

மதினி. கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணன் முன்னால் குரலை உயர்த்தாதவள்.

“அந்த டிரம்ம இங்க கெளம்புறதுக்கு முன்னாலதான ஆள வச்சு நம்ம வீட்டுக் கொல்லையில உருட்டிப் போட்டீக? கேட்டதுக்கு, முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு சொன்னீக. வாடை இன்னும் ஒங்க கையிலயே இருக்கு. மோந்து பாருங்க மேடம்!”

டாக்டர் மோந்தே பார்த்தார். “மண்ணெண்ணெய் இல்ல, ஷூ பாலிஷ் வாடை. ரத்தத்தைக் கெடுக்குற சரக்கு இதுதான்” என்றார். உடனே அந்த நனைந்த துணிகளை உருவி எறிந்து உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். அதுவரை அந்த விஷத்தை உடுத்திக்கொண்டுதான் அவர் படுத்திருந்தார். டாக்டர் மதுரைக்குப் போன் போட்டு ஓர் ஊசி மருந்து வரவழைத்தார். அந்த மருந்தும் நீலம்தான். நான் பதறிப்போனேன். “இந்த நீலந்தாம்மா அந்த நீலத்தை எடுக்கும்” என்றார். மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் உதட்டில் சிவப்பு எட்டிப் பார்த்தது. மறுபடி கறுத்தது. மறுபடி போட்டார்கள். பொழுது விடிவதற்குள் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “சோறு ஆறிப்போச்சா?” என்று கேட்டார்.

யார் வாயிலாவது வந்து பேசு என்றேன். அவள் முதலில் ரத்தத்தில் வந்து பேசினாள். பிறகு மதினி வாயில் வந்து பேசினாள். இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் அண்ணன் பழப்பையோடு வந்தான். “வேலை போனா என் பிள்ளைக தெருவுல நிக்குமே தாயி.”

“என் பிள்ளைக அப்பன் இல்லாம நின்னா ஒனக்குப் பரவால்ல, அப்படித்தான?” என்றேன். பையைத் தொடவில்லை. ஆத்தா அவனை மன்னிக்கட்டும், அது அவள் பாடு. நான் மன்னிக்கவில்லை. அதை மறைத்து உங்களிடம் சாட்சி சொன்னால் நானும் அவனைப் போலப் பொய் சொன்னவள் ஆவேன்.

அவர் இப்போது வேறு அச்சகத்தில் இருக்கிறார். கையுறை இல்லாமல் மிஷினைத் தொடுவதில்லை. நானும் அச்சகத்து வீடுகளில் எல்லாம் சொல்லிவிட்டேன். உதடும் நகமும் நீலமாக இருந்து மூச்சு வாங்கினால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், துணியைக் கழற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த ஆடிக் கடைசி வெள்ளிக்கு நானும் மதினியும் அக்கினிச்சட்டி எடுத்தோம். சாத்தூரிலிருந்து நடந்தே போனோம். அவரும் கூட வந்தார். வெயிலில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் உதடு சிவப்பாக இருந்தது. திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். உங்களைச் சொந்தம் கைவிட்டாலும் அவளிடம் போங்கள். நயமாகக் கேட்க வராவிட்டால் என்னைப் போலச் சண்டை போட்டுக் கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.